பெயரில்லாத பாத்திரங்கள்

ஜூன் 30, வெள்ளி

மன்னித்துக்கொள். ராத்திரி மணி பன்னிரண்டேகால். உன்னைத் திறக்கிற நேரமா இது? குட்டி இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கினால்தான் எனக்கு என் கை கிடைக்கிறது. பதினோரு நாளாக ஒரு வரி எழுதவில்லை என்று தேதியைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

எழுத என்ன இருக்கிறது? அவருக்குப் பணிமனையில் இந்த மாதம் முழுக்க இரண்டு ஷிஃப்ட். பேருந்துகள் அங்கே வந்து படுத்துக்கொள்கின்றன, அவற்றை எழுப்பி அனுப்பிவிட்டு இவர் இங்கே வந்து படுத்துக்கொள்கிறார். மிச்ச நேரத்துக்கு நானும் குட்டியும் நாலு சுவரும். மூன்று வயதுகூட ஆகாத ஒருத்தியிடம் மட்டுமே பேசிப் பேசி, இன்று காலை பால்காரரிடம் "பாப்பாவுக்குப் பால் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் சிரிக்கவே இல்லை. "வந்துச்சு பாப்பா" என்றார்.

மதியம் அடுப்பு மேடையில் நின்றபடி சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாளை மறுநாள் முதல் ஞாயிறு. அதை வைத்துத்தான் மாதத்தை ஓட்டுகிறேன். ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். யாராவது ஒருவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் உட்கார்ந்து, சூடாக, இரண்டு கையும் எனக்கே சொந்தமாகச் சாப்பிடுவேன்.

எங்கள் சபையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து கொண்டுபோவதைப் பின்பக்கச் சமையலறையில் சபையின் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு மாற்றிவிட வேண்டும். நம் பாத்திரம் தொட்டிக்கு அடியில் போய்விடும். மேசைக்கு வருவதெல்லாம் ஒரே மாதிரிப் பாத்திரம். எது யார் சமையல் என்று சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் "ரொம்ப நல்லா இருக்கே, இது யார் செஞ்சது?" என்று கேட்டுவிட்டேன். போதகரம்மா என் கையை லேசாகத் தட்டி, "மேசை செஞ்சதும்மா" என்றார். வசதி உள்ளவர் நிறையக் கொண்டுவரலாம். இல்லாதவர் ஒரு கிண்ணம். ஒன்றுமே கொண்டுவராமலும் வரலாம். யாருக்கும் தெரியாது. அது எனக்கு அப்போது விளையாட்டு மாதிரி இருந்தது.

ஜூலை 2, ஞாயிறு

குட்டி நன்றாக இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன். நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள், மூச்சு சீராக இருக்கிறது. நாலு முறை பார்த்துவிட்டேன்.

காலையில் அவள் உடம்பு கொஞ்சம் சுட்டது. போன வாரம் வாங்கிய ஆரஞ்சு நிற மருந்தைக் கொடுத்ததும் தணிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஜுரத்தோடு பிள்ளையைக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதே என்பார். ஒரு மாதம் காத்திருந்தேன். போகாமல் எப்படி?

கூடத்தில் அவளுக்கு ஒரே ஒரு பாத்திரத்திலிருந்துதான் ஊட்டினேன். காய்கறி போட்ட சோறு. நாலைந்து வாய்தான் இருக்கும். உதடு தடித்தது. பிறகு கண். கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகச் சிவந்து —

நான் கத்தினேன். "இது யார் கொண்டுவந்தது?" யாரும் பேசவில்லை. "யார் கொண்டுவந்ததுன்னு கேக்கறேன்ல!" அப்போதும் யாரும் பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதானே வழக்கம். மூன்றாவது முறை கேட்டபோது பள்ளிக்கூட அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான்தாம்மா."

பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவர். அதனால் அந்தப் பெயர். தனியாள். "எனக்கு நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாதும்மா, கை தானா நூறு பேருக்கு அள்ளிடும்" என்று சிரிப்பார்.

"என்ன போட்டீங்க இதுல?"

"கேரட்டு, பீன்ஸு, அரிசி... வேற ஒண்ணும் இல்லம்மா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் செய்யறதுதான்."

"அந்தப் பிள்ளைங்களுக்கும் இதைத்தான் கொடுக்கறீங்களா?"

அப்படியே சொன்னேன். எல்லோர் முன்னாலும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வீக்கம் வடிந்தது. "புதுசா ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். பணிமனையிலிருந்து ஓடி வந்த அவர், எண்ணெய்க் கையோடு பக்கத்தில் நின்றார். "இல்ல டாக்டர்" என்றேன்.

ஏன் இல்லை என்றேன்? போகட்டும். சாப்பாடுதான் காரணம் என்று தெரிந்துவிட்டதே.

ஜூலை 3, திங்கள்

மூச்சு சீராக இருக்கிறது. நான்தான் தூங்கவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். நான் ஒரு தாளை நீட்டினேன். வேதியியல் படித்தவளுக்கு வேறு என்ன வரும் — கட்டம் போட்டு எழுதியிருந்தேன். ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் கொண்டுவந்தவர் பெயர், என்னென்ன சேர்த்தது, எந்த எண்ணெய், எத்தனை மணிக்குச் சமைத்தது.

போதகர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "காட்டிக்கொடுக்கப் போறவனையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் ஆண்டவர் சாப்பிட்டார். அவர் யார்கிட்டயும் பேர் எழுதி வாங்கலம்மா" என்றார்.

"ஐயா, அவருக்கு மூணு வயசுப் பிள்ளை இல்லை."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஜூலை 20, வியாழன்

போதகரம்மா போன் செய்தார். பள்ளிக்கூட அக்காவை அடுப்படியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். சபைக்கு வருகிற ஒருவரின் பேரன் அங்கே படிக்கிறான். பேச்சு அப்படியே போயிருக்கிறது. "அந்தப் பிள்ளைங்களுக்கும் இதைத்தான் கொடுக்கறாங்களாம்" — நான் சொன்ன அதே வாக்கியம், கால் முளைத்து. விஷயம் தெளிவாகிறவரை பாத்திரம் கழுவினால் போதும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாராம். பதினாறு வருஷம் சமைத்தவர்.

பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் விஷயம். ஜாக்கிரதையாக இருப்பது தப்பா?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

என் தாள் அமலுக்கு வந்தது. மேசையில் இரண்டே பாத்திரம், இரண்டிலும் சீட்டு. மற்ற எல்லோரும் அவரவர் டப்பாவிலேயே சாப்பிட்டார்கள். "எதுக்கும்மா வம்பு, நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனா நாமதானே எழுந்து நிக்கணும்" என்று ஒரு பெரியம்மா என் காதுபடவே சொன்னார்.

பேக்கரி வைத்திருக்கும் அண்ணன் எதையும் சிரிப்பாக்கிவிடுகிறவர். மாதா மாதம் ரொட்டி கொண்டுவருவது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி நடிப்போம். இன்று ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தானே சாப்பிட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "அடுத்த மாசம் திருவிருந்து திராட்சை ரசத்துக்கும் அவங்கவங்க டம்ளர் கொண்டுவரணுமா தங்கச்சி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

பள்ளிக்கூட அக்கா கடைசி பெஞ்சில் இரண்டு பன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையில் வாங்கியது. உறையைக்கூடப் பிரித்து எறியாமல், பெயர் தெரிகிற பக்கம் வெளியே இருக்கும்படி வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

எழுத வேண்டும். இதை எழுதாவிட்டால் வேறு எதையும் எழுத எனக்கு உரிமை இல்லை.

மதியம் குட்டிக்கு ஜுரம். காலையிலிருந்து வெறும் கஞ்சி, அதுவும் நான் வைத்தது. அலமாரியிலிருந்து அந்த ஆரஞ்சு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். ஜூலைக்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உதடு தடித்தது. பிறகு கண். கழுத்தில் அதே சிவப்பு.

வீட்டில் நானும் அவளும்தான். யாரைப் பார்த்துக் கத்துவது?

தெருமுனை க்ளினிக் டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுக் கேட்டார்: "இந்த மருந்து இதுக்கு முன்னாடி கொடுத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை."

"அப்போ ஏதாவது ஆச்சா?"

என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆச்சு டாக்டர் என்றேன். அவர் சிவப்பு மையால் அட்டையில் எழுதினார் — இனி ஒருபோதும் இந்த மருந்து கொடுக்கக் கூடாது.

ராத்திரி அவர் பணிமனையிலிருந்து வந்ததும் அட்டையைக் காட்டினேன். "அப்போ சாப்பாடும் ஒத்துக்கல, மருந்தும் ஒத்துக்கலையா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஐயோ, தலையாட்டினேனே.

ஆகஸ்ட் 12, சனி

கேரட். பீன்ஸ். அரிசி. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

நாலு மணிக்குக் கதவு தட்டினார்கள். பள்ளிக்கூட அக்கா.

உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "கையில ஒண்ணும் இல்லம்மா, பயப்படாத. சும்மா குட்டியைப் பாத்துட்டுப் போலாம்னு."

குட்டி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்த பிறகுதான் தூக்கினார். விரல் எல்லாம் சோடா உப்பில் ஊறி வெடித்திருந்தது. பாத்திரம் கழுவுகிற கை.

"டாக்டர் எதனால வந்துச்சுன்னு சொன்னாராம்மா? தெரிஞ்சா அதை நான் போடாம இருப்பேன்ல. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அரிசியை மூணு தண்ணி கழுவினேன். காயை நறுக்கின பலகையைக்கூட நினைச்சுப் பாத்தேன். எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சு."

அட்டை உள்ளே மேசைமேல் இருந்தது. பத்து அடி தூரம்.

"இன்னும் டெஸ்ட் வரலக்கா" என்றேன்.

"சரிம்மா. வந்தா சொல்லு, என்ன?"

அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை வாசல்வரை வந்தது. உள்ளே வாங்க, ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்து அவர் என் கையால் வாங்கிக் குடித்திருந்தால், என்னால் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிடவில்லை.

அவர் போன பிறகு அந்தத் தேநீரைத் தொட்டியில் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

நாளைக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து வாசல்வரை போனேன். குட்டி மூத்திரம் வருகிறது என்றாள். திரும்பிவிட்டேன். அவளைக் காரணம் காட்டாமல் எனக்கு ஒரு காரியமும் செய்யத் தெரியவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

பள்ளிக்கூட அக்கா வரவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

முழுக்க டப்பா. எவர்சில்வர் பாத்திரங்கள் அலமாரியில் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் தன் தன் மூலையில், ஏதோ ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி சாப்பிட்டது. முன்பெல்லாம் ஒன்றரை மணி நேரம் ஆகும். இன்று இருபதே நிமிடம். குட்டியை யாரும் தூக்கவில்லை. பயம், இந்தப் பிள்ளையைத் தொட்டால் என்ன ஆகுமோ, அவள் அம்மா என்ன கேட்பாளோ.

அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிட்டேன். என் வீட்டில் சாப்பிடுவது போலவே இருந்தது. இதற்கா இத்தனை தூரம் நடந்து வந்தேன்?

செப்டம்பர் 8, வெள்ளி

குட்டியின் அப்பாவிடம் சொன்னேன். ஜூலை இரண்டு காலையிலிருந்து ஆரம்பித்து, விடாமல்.

கத்துவார் என்றுதான் இரண்டு மாதமாகப் பயந்தேன். அவர் கத்தவில்லை. வெகுநேரம் நகத்தில் இருந்த கருப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நான் திட்டுவேன்னு பயந்தா ஒருத்தங்க பொழப்பை எடுத்த?"

"ம்."

"நான் அவ்வளவு மோசமாவா திட்டறேன்?"

  அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஞாயித்துக்கிழமை நானும் கூட வரேன். ரெண்டு பேருமா போய் அக்காவைப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

அக்காவின் அறை பூட்டியிருந்தது. ஜன்னல் திரையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி ஊருக்கே போயிட்டாங்க. பத்து நாள் ஆச்சு. நீங்க?"

"சபையிலேர்ந்து வரோம்."

"ஓ. மாசா மாசம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைச்சுத் தூக்கிட்டுப் போவாங்களே, அந்தச் சபையா?"

ஆமாம் என்றார் அவர்.

"இருங்க இருங்கன்னு நான்தான் சொன்னேன். கேக்கல. யாருக்கும் சமைக்காம இந்த ஊர்ல உக்காந்து நான் என்ன பண்றதுன்னாங்க."

பத்து நாள். ஆகஸ்ட் கடைசி. அந்த வியாழக்கிழமை நான் ஒரு டம்ளர் தேநீர் கொடுத்திருந்தால் — இல்லை, இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் அழுதுவிட்டு, அழுததே போதும் என்று தூங்கப் போய்விடுவேன்.

செப்டம்பர் 11, திங்கள்

தலைமையாசிரியையின் அறை. சிவப்பு மை அட்டையை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "அவங்க சாப்பாட்டுல ஒரு குறை நான் பாத்ததில்லைம்மா. நீங்க ஒரு தாய், நீங்க சொன்னீங்க. அதனாலதான் நம்பினேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை நீக்கம் இல்லையாம், அக்காவாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இடம் இன்னும் காலியாக இருக்கிறது. தற்காலிகமாக ஒருவர் வருகிறார். மேலிடத்தில் பேசிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து நின்றேன். அன்று அக்கா நின்றாரே, ஏறக்குறைய அதே இடம். ஜுரத்தை மறைத்தது, மருந்து, டாக்டரிடம் இல்லை என்றது, வாசலில் நிற்க வைத்தது — எல்லாம் சொன்னேன். போதகரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது எனக்காகவா அக்காவுக்காகவா என்று தெரியவில்லை. அக்காவுக்காகத்தான் இருக்க வேண்டும்.

முடிந்ததும் பேக்கரி அண்ணன் வந்தார். சிரிப்பே இல்லை அவர் முகத்தில்.

"ஜுரத்தோட பிள்ளையைத் தூக்கிட்டு ஏன்மா வந்த அன்னைக்கு?"

"வீட்ல தனியா சாப்பிட முடியலண்ணா."

"அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க பத்துப் பேர் உன் வீட்டுக்கு வந்து உக்காந்திருப்போமே. இடம் போதலைன்னா நீதான் எங்களைத் துரத்தியிருக்கணும்."

வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கத் தெரியவில்லை எனக்கு. பசிக்கிறது என்று குட்டிக்குக்கூடச் சொல்லத் தெரிகிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

தாளை எடுத்துவிட்டார்கள். போதகர் எவர்சில்வர் பாத்திரங்களைக் கழுவி அடுக்கி வைத்திருந்தார், பதினெட்டு. நிரம்பியது நாலு. மற்றவர்கள் டப்பாதான். "தப்பா நினைக்காதம்மா, பழகிடுச்சு. இதுல ஒரு நிம்மதியும் இருக்கு" என்றார் அந்தப் பெரியம்மா. அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? பழக்கியது நான்.

சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன் போலிருக்கிறது. ஆகவில்லை.

நான் கொண்டுபோனதில் பாதி மிஞ்சிவிட்டது. பின்னால் தனியாக என் பாத்திரத்துக்குத் திருப்பி ஊற்றிக்கொண்டேன். பேக்கரி அண்ணன் குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்று சுற்றினார். அது ஒன்றுதான் ஆறுதல்.

அக்டோபர் 3, செவ்வாய்

தலைமையாசிரியை காலையில் கூப்பிட்டார். அக்காவின் பழைய போன் எண் வேலை செய்யவில்லை. அவர் தங்கை வீட்டு முகவரியைப் போதகர் எங்கெங்கோ விசாரித்து வாங்கித் தந்தார். அக்காவுக்குக் கடிதம் ஏழு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இன்று மாலை தபாலில் போட்டது இது. என்ன எழுதினேன் என்பதை நானே பிறகு மாற்றி நினைத்துக்கொள்ளாமல் இருக்க, இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

அக்கா,

குட்டிக்கு வந்தது உங்கள் சாப்பாட்டால் இல்லை. அன்று காலை நான் கொடுத்த ஜுர மருந்தால். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதியே எனக்குத் தெரியும். நீங்கள் வீட்டுக்கு வந்து கேட்டபோது டெஸ்ட் வரவில்லை என்று சொன்னது பொய். உங்கள் கையில் எந்தத் தப்பும் இல்லை. இதைச் சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், பள்ளிக்கூடத்தில் எழுதியும் கொடுத்துவிட்டேன்.

என்னை மன்னியுங்கள் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அதை நேரில்தான் கேட்க வேண்டும், நீங்கள் என்னைப் பார்க்கச் சம்மதித்தால்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. சமையலறை வேலை உங்களுக்குத்தான் என்று தலைமையாசிரியை சொல்கிறார். பழைய இடம், பழைய நேரம். ஆனால் இருபதாம் தேதிக்குள் வேறு ஆளை நிரந்தரமாகப் போட வேண்டியிருக்கிறதாம், அதற்குமேல் அவரால் நிறுத்தி வைக்க முடியாது. திரும்பி வர இஷ்டமில்லை என்றாலும் பரவாயில்லை, அது உங்கள் விருப்பம். வருகிறேன், வரவில்லை — எதுவானாலும் ஒரு வரி எழுதினால் போதும். என் பெயருக்கு எழுதப் பிடிக்கவில்லை என்றால் போதகர் பெயருக்கு எழுதுங்கள்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள் அக்கா.